முழங்காலளவு தண்ணீர்

பதினொரு நாளாய் யோசேப்பு
பாசையூர்க் கடலில்
முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறான்.
"அவன் திரும்பிப் பார்த்தபோது" என்று எழுதி
ஒரு கமாவும் போட்டேன்.
அந்த இடத்தில் தண்ணி மோட்டர் நின்றுபோனது.

மோட்டர் திருத்துகிறவர் வந்தார், போனார்,
சாமான் வாங்கிக்கொண்டு திரும்ப வந்தார்.
பிறகு மதுசாவுக்குக் காய்ச்சல்.
பிறகு மாத முடிவு:
சுன்னாகம் மின்சாரசபைக் கந்தோரில்
கட்டாத பில்களின் பட்டியலுக்கு
என் கையெழுத்துத்தான் வேண்டுமாம்.

யோசேப்பு எதைப் பார்த்தான்?
எனக்கே தெரியாது.
புட்டுக்கு மாக் குழைக்கையில்
தெரிந்த மாதிரி இருந்தது.
கையைக் கழுவித் துடைத்துக்
கொப்பியை எடுக்க முன்னம்
நீத்துப்பெட்டி ஆவியோடு போய்விட்டது.

பதிப்பாளர் எடுத்தார். எப்ப முடியும் என்றார்.
கார்த்திகைக்குள் என்றேன்.
எந்தக் கார்த்திகை என்று
நல்லகாலம் அவர் கேட்கவில்லை.

முதல் புத்தகம் வந்த ஆண்டு
நல்லாய் எழுதினேன் என்றார்கள்.
அந்த ஆண்டு என்ன சமைத்தேன்,
ஆரோடு சிரித்தேன், ஒன்றும் ஞாபகமில்லை.
குகதாசன் கடைவாய்ப் பல்லுப் பிடுங்கியதை
மச்சாள் சொல்லித்தான் அறிந்தேன்,
அதுவும் காயம் ஆறின பிறகு.

இந்த ஆண்டு அப்படியில்லை.
கறிக்கு உப்புச் சரி.
மதுசாவின் கணக்குக் கொப்பியில்
ஒவ்வொரு பக்கமும் என் ஒப்பம்.
இரவில் மூன்று பேரும் ஒரு பாயில் கிடந்து
ஒன்றுமில்லாததற்கு விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.
சிரித்து முடிய எனக்கு
மெல்லிய பயம் வருகிறது,
அடுப்பை நூராமல் வந்துவிட்டேனோ
என்கிற மாதிரி.

மருதனார்மடம் தாண்டும்போது
மினிபஸ்ஸில் இரண்டு வசனம் வந்தது.
கையில் இருந்த பில்லின் பின்பக்கம் எழுதினேன்.
முன்பக்கம் ஏழாலை சரவணமுத்து,
நிலுவை நாலாயிரத்து இருநூறு.
பின்பக்கம் யோசேப்பின் மனைவி அழுகிறாள்.
கோப்பில் போடவும் ஏலாது,
கிழிக்கவும் மனமில்லை.
இன்னும் கைப்பையில் கிடக்கிறது.
சரவணமுத்துவின் வீட்டில்
லைற் எரிகிறது.

ஞாயிறு கசூரினாவுக்கு வெளிக்கிட்டோம்.
"கொப்பியை வீட்டில வைச்சிட்டு வாரும்"
என்றார் குகதாசன்,
தண்ணிப் போத்தலை எடும் என்கிற குரலில்.
வைத்துவிட்டுப் போனேன்.
பேனை மட்டும் கைப்பையில் இருந்தது.
மறந்துபோய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கசூரினாக் கடல் உங்களுக்குத் தெரியும்,
எவ்வளவு நடந்தாலும் முழங்கால்தான்.
மதுசா என் விரலைப் பிடித்தபடி நின்றாள்.
"அம்மா, இப்ப ஆரைப் பாக்கிறீங்கள்?"
ஒருத்தரையும் இல்லை என்றேன்.
"பொய். வீட்டிலயும் இப்பிடித்தான் பாக்கிறனீங்கள்"
என்று சொல்லி
முகத்தில் தண்ணீரை அடித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.
கரையில் குகதாசன்.
காற்சட்டையை மடித்துவிட்டு
மூன்று சோடிச் செருப்பையும்
நெஞ்சோடு அணைத்தபடி,
சுற்றிச் சுற்றி வருகிற நாயை
"போ, அங்கால போ" என்று
மரியாதையாய்க் கலைத்துக்கொண்டு.

அவ்வளவுதான்.
யோசேப்பு பார்த்தது அதைத்தான்.

பேனை இருந்தது.
கச்சான் சுற்றின பேப்பரும் இருந்தது.
எழுதவில்லை.
இதில் பெரிய துறவு ஒன்றுமில்லை,
தண்ணீர் இளஞ்சூடாய் இருந்தது.

இரவு பதினொன்றரை. காலில் இன்னும் மணல்.
அந்தக் கமாவுக்குப் பக்கத்தில் எழுதினேன்:
"கரையில் அவள்
அவனுடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்."

பரவாயில்லை.
ஆனால் கடலில் நின்றபோது
இதைவிட நல்ல சொல் ஒன்று இருந்தது,
"பிடித்துக்கொண்டு" என்கிற இடத்தில்.
இப்போது இல்லை.
மதுசாவைக் கேட்டால் சொல்லுவாள் போலிருக்கிறது.
அவள் நித்திரை.